எடையும் பழமையும் பயனும்: பன்விலப் பிரதேசத்தை முன்னிறுத்திப் பட்டடை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

கொல்லுத்தொழில் செய்யும் ஒருவன் பட்டடை வாங்க முற்படும்பொழுது, பழையதை வாங்குவதா புதியதை வாங்குவதா என்னும் வினா அவன் முன் எழுகின்றது. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது சந்தை விலையோடும் கைப்பழக்கத்தோடும் மட்டும் தொடர்புடைய சிறியதொரு நடைமுறை வினாவாகவே தோன்றும். ஆயின் ஒரு கருவியின் வயதைப் பற்றிய வினா, அக்கருவி யாரால், எவ்வாறு, யாருக்காகச் செய்யப்பட்டது என்னும் வினாவிலிருந்து பிரிக்கமுடியாதது. அழிந்த விலங்கினங்களின் உடலமைப்பை அறிவதற்கு எலும்பெச்சங்கள் உதவுவதுபோல, மறைந்த பொருளாதார அமைப்புகளை அறிவதற்கு உழைப்புக் கருவிகளின் எச்சங்கள் உதவுகின்றன என்ற கருத்தை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் (1867) முன்வைத்தார். அரண்மனைகளையும் கோயில்களையும் ஆராய்ந்த அளவுக்குப் பட்டடைகளையும் துருத்திகளையும் நமது வரலாற்றுத்துறை ஆராயவில்லை. இக்கட்டுரை அத்திசையில் எடுக்கப்படும் சிறு முயற்சியாகும்.

ஆய்வுக் களமாகக் கண்டி மாவட்டத்துப் பன்விலப் பிரதேசத்தை நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. வத்தேகமவைக் கடந்து நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தை நோக்கிச் செல்லும் வழியில் அமைந்துள்ள பன்வில, ஒருபுறம் வயலையும் சேனையையும் நம்பிய கண்டியச் சிங்களக் கிராமங்களுக்கும், மறுபுறம் மடுல்கெல, ஹுலுகங்கை முதலிய இடங்களைச் சூழ்ந்த பெருந்தோட்டங்களுக்கும் இடைப்பட்ட நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெலபொக்க, நக்கிள்ஸ் எனத் தோட்டத்துரைமார் பெயரிட்டழைத்த கோப்பி மாவட்டங்கள் இம்மலைச்சரிவுகளிலேயே எழுந்தன. எனவே கிராமத்துக் கொல்லனின் உலை, தோட்டத்துப் பட்டறை ஆகிய இரண்டு உற்பத்தி முறைகளையும் ஒருங்கே நோக்குவதற்கு ஏற்ற களம் இது.

சொல்லைப் பற்றியும் ஒரு குறிப்பு அவசியம். கொல்லன் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் அடித்தளத்தைப் பட்டடை, அடைகல், உலைக்கல் எனத் தமிழ் பலவாறு வழங்கியுள்ளது. பட்டடை என்ற சொல்லே கொல்லன் தொழில் செய்யும் இடத்தையும் குறிக்கும். யாழ்ப்பாணத்து வழக்கில் ‘கொல்லன் பட்டடை’ என்றால் தொழிற்கூடமே. ஒரே சொல் கருவியையும் களத்தையும் குறிப்பது தற்செயலானதன்று. பட்டடை எங்கே நாட்டப்பட்டுள்ளதோ அங்கேதான் தொழில் இருக்கின்றது. சுத்தியலையும் குறட்டையும் கொல்லன் கையில் எடுத்துச் செல்லலாம். பட்டடையை எளிதில் எடுத்துச் செல்ல இயலாது. அதன் உடைமை யாரிடம் இருந்தது என்னும் கேள்வி முதன்மை பெறுவதும் இதனாலேயே.

2

பட்டடையைப் பற்றிய இலக்கியச் சான்றுகளை முதலில் நோக்குவோம். புறநானூற்றின் 170ஆம் பாடலில் பிட்டங்கொற்றன் என்னும் தலைவனின் உறுதி, கொல்லன் விசையோடு வீசும் சம்மட்டியை எதிர்த்து நிற்கும் உலைக்கல்லுக்கு ஒப்பிடப்படுகின்றது. திருக்குறளில் கூடாநட்பு அதிகாரத்தின் முதற்குறள், உள்ளம் பொருந்தாதவரின் நட்பைப் பட்டடைக்கு ஒப்பிடுகின்றது. தாங்குவதுபோலத் தோன்றினும் தக்க இடம் வாய்த்தபோது அடிப்பதற்கே அது பயன்படுகின்றது என்பது அங்குக் கருத்து. ஓரிடத்தில் பட்டடை வீரத்தின் உவமை. மற்றோரிடத்தில் வஞ்சகத்தின் உவமை. முரண்பட்ட இவ்விரு உவமைகளுக்கும் பொதுவான ஒன்றுண்டு. இரண்டும் பட்டறைக்கு வெளியே நின்று நோக்கியவரின் பார்வையில் உருவானவை. அடி விழுவதை அவை காண்கின்றன. அடித்த சம்மட்டி மீண்டெழுவதை அவை கூறவில்லை. அம்மீட்சியை அறிவது அடிப்பவனின் தோள் மட்டுமே. பட்டடையின் தரம் முழுவதும் அம்மீட்சியிலேயே தங்கியுள்ளதென்பதைப் பின்னர் காண்போம்.

நமது நோக்கத்துக்கு இவ்விரண்டையும்விட முக்கியமானது குறுந்தொகையின் 172ஆம் பாடலாகும். ஏழு ஊர்களின் பொதுவேலைக்கென ஓரூரில் அமைக்கப்பட்ட உலையின் துருத்தி ஓய்வின்றி இயங்குவதைத் தலைவி தன் நெஞ்சின் துயருக்கு ஒப்பிடுகின்றாள். பாடலின் பொருள் அகத்துறை சார்ந்ததெனினும், உவமைக்குள் ஒரு பொருளாதார அமைப்பு உறைந்து கிடக்கின்றது. ஓர் உலை ஏழு ஊர்களுக்குப் பணிசெய்கின்றது. ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனி உலை வைப்பதற்கு வேண்டிய இரும்போ கரியோ கைவினைஞரோ இல்லாத உற்பத்தி நிலையில், கருவியைப் பொதுவில் வைத்துப் பயன்படுத்தும் ஏற்பாடு நிலவியிருக்கின்றது. கேட்போர் உடனே விளங்கிக்கொள்ளும் வழக்கமான காட்சியாக அது இருந்திருந்தாலன்றி உவமையாக எடுத்தாளப்பட்டிராது.

இதே ஏற்பாட்டின் மற்றொரு வடிவத்தைப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் கண்டி இராச்சியத்தில் காண்கின்றோம். 1660 முதல் 1679 வரை கண்டியரசில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலில் கண்டியக் கொல்லரைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். அரசனின் கொல்லர் ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட ஊர்த்தொகுதி ஒன்று உரியதாயிருந்தது. அவ்வூர்களில் வேறெவரும் அவ்வேலையைச் செய்ய இயலாது. கருவிகளைப் பழுதுபார்ப்பதற்காக ஒவ்வொரு குடியானவனும் அறுவடைக் காலத்தில் மரபுவழி வந்த அளவில் தானியம் கொடுத்தான். புதிய கருவி வேண்டுமெனின் அரிசியோ கோழியோ சாராயமோ காணிக்கையாகக் கொண்டுசென்று, பணிவோடு நாள் கேட்டு, கரியையும் இரும்பையும் தானே சுமந்து செல்லவேண்டும். கொல்லன் பட்டடையை முன்வைத்து மணையில் அமர்ந்திருப்பான். துருத்தி ஊதுவதும் பெருஞ்சம்மட்டி அடிப்பதும் வேலை கொண்டுவந்தவனின் கடமை. கொல்லன் இரும்பைப் பிடித்துக்கொண்டு சிறுசுத்தியலால் இடையிடையே தட்டி உருவம் அமைப்பான். அரத்தால் அராவுவதற்கு முன்னரும் கல்லில் தேய்த்து வரும்படி அவனையே ஏவுவான்.

நொக்ஸின் இவ்விவரணை சற்றே ஏளனம் கலந்தது. எனினும் அதனுள் இருக்கும் உற்பத்தி உறவு தெளிவானது. பட்டடையும் நுண்திறனும் கொல்லனுடையவை. கரியும் இரும்பும் உடலுழைப்பும் குடியானவனுடையவை. கூலி பணமாக அன்றி விளைபொருளில் ஒரு பங்காக அமைந்தது. இவ்வுறவைப் பொற்காலமென நாம் போற்றவேண்டியதில்லை. சாதியின் இறுக்கமும் அரசனுக்குச் செய்யவேண்டிய இராசகாரியக் கடமையும் அதனைச் சூழ்ந்திருந்தன. கொல்லனின் நிலம் அவன் செய்யும் சேவையோடு பிணைக்கப்பட்டிருந்தது. சேவையை விட்டு நீங்கினால் நிலமும் நீங்கும். ஆயினும் பட்டடையில் விழும் அடிக்கும் அவ்வடியால் விளையும் பயனுக்கும் இடையே சந்தை புகுந்திருக்கவில்லை. பட்டடைக்கு விலை என்ற ஒன்று அங்கு எழவேண்டிய தேவையே இருக்கவில்லை.

3

1815இல் கண்டியரசு வீழ்ந்தது. கோல்புறூக்–கமறன் ஆணைக்குழுவின் விதப்புரைகளையொட்டி 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கோயில் நிலங்களில் சேவைக்கடன் தொடர்ந்ததெனினும், அதனையும் பணமாக மாற்றிக்கொள்ளும் வழியை 1870ஆம் ஆண்டின் சேவைக்காணிச் சட்டம் வகுத்தது. இவ்வாறு கொல்லனை நிலத்தோடு பிணைத்திருந்த தளை தளர்ந்த அதே காலத்தில், கண்டி மலைகள் கோப்பித் தோட்டங்களாக மாறின. அத்தோட்டங்களுக்கு வேண்டிய இரும்புப் பொருள்களை வழங்குவதற்குக் கண்டியக் கொல்லனின் உலை போதுமானதாகக் கருதப்படவில்லை. 1854இல் ஜோன் வாக்கர் கண்டியில் நிறுவிய பொறியியல் நிறுவனம் கோப்பிப் பழத்தின் தோலை நீக்கும் இயந்திரங்களைச் செய்து பெருகியது. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் வந்தது. 1880இல் மாத்தளைப் பாதை வத்தேகம வழியே திறக்கப்பட்டது. பாரமான எந்த இரும்பையும் துறைமுகத்திலிருந்து பன்வில மலையடிவாரம்வரை கொண்டுவருவது அதன்பின் எளிதாயிற்று.

1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை நிரப்பியபோது தோட்டத்தில் இரும்பின் பங்கு மேலும் பெருகிற்று. கோப்பியைத் தோல்நீக்கி உலர்த்தி அனுப்பினால் போதும். தேயிலையைத் தோட்டத்திலேயே வாட்டி, உருட்டி, நொதிக்கவைத்து, உலர்த்தவேண்டும். ஆதலின் ஒவ்வொரு பெருந்தோட்டமும் ஒரு தொழிற்சாலையாயிற்று. தொழிற்சாலைக்கு அருகே பட்டறை அமைந்தது. கவ்வாத்துக் கத்தி, முள்ளு, சுரண்டி, மண்வெட்டி, அலவாங்கு ஆகியவற்றைத் தீட்டவும் தோய்க்கவும் திருத்தவும், உருளையின் உடைந்த பாகத்தைச் செப்பனிடவும் அங்கே ஒரு பட்டடை வேண்டியிருந்தது. அப்பட்டடை பிரித்தானியாவிலிருந்து கப்பலேறி வந்தது.

இங்கு ஒரு வரலாற்று முரணைக் குறிப்பிடுதல் தகும். இரும்பை உருக்காக மாற்றும் தொழில்நுட்பத்தில் தென்னிந்தியாவும் ஈழமும் ஒருகாலத்தில் பின்தங்கியிருக்கவில்லை. சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றின் விசையையே ஊதுகாற்றாகக் கொண்டு இயங்கிய பண்டைய உலைகளை அகழ்ந்தாய்ந்த கில் ஜூலெவ் 1996இல் தமது முடிவுகளை வெளியிட்டார், கி.பி. முதலாயிரத்தாண்டின் பிற்பகுதியில் அங்கே பேரளவில் உலோக உற்பத்தி நடந்தமை அதனால் உறுதியாயிற்று. தென்னிந்திய உருக்கைப் பற்றிய ஆய்வுரை 1795இல் இலண்டன் றோயல் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. ஆங்கிலேய அறிஞர் ஆராய்ந்து வியந்த உருக்கின் தாயகத்துக்கு, அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலேயப் பட்டடை இறக்குமதியாயிற்று. இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் பணிப்பாளராக 1903 முதல் 1906 வரை கடமையாற்றிய ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூலில் இரும்புருக்கும் முறையை விவரிக்கின்றார். அவர் காலத்திலேயே அது அருகி மறைந்துகொண்டிருந்த தொழிலாகும். குமாரசுவாமி இதனை அழகியலின் இழப்பாகவும் மரபின் சிதைவாகவும் கண்டார். அவர் கண்ட இழப்பு மெய்யே. ஆயின் அதன் வேர், மலிவான இறக்குமதி இரும்பையும் அதனைக் கொணர்ந்த மூலதனத்தையும் சார்ந்தது என்பதை நாம் சேர்த்துரைக்கவேண்டும்.

தோட்டத்துப் பட்டறையில் கொல்லனின் நிலை அடியோடு மாறியது. தமிழகத்துக் கம்மாளர் மரபின் தொழிலறிவோடு வந்தவனாயினும், தோட்டத்தில் அவன் நாட்சம்பளம் பெறும் தொழிலாளியே. பட்டடை தோட்டத்துக்குரியது, இரும்பும் கரியும் தோட்டத்துக்குரியவை, செய்யப்பட்ட கத்தியும் தோட்டத்துக்குரியது. நொக்ஸ் கண்ட கொல்லனுக்குப் பட்டடை சொந்தமாயிருந்தது, நிலம் கட்டுண்டிருந்தது. தோட்டத்துக் கொல்லனுக்கோ பட்டடையும் இல்லை, நிலமும் இல்லை. கைத்திறன் ஒன்றே எஞ்சியது.

4

இனிப் பழைய பட்டடையின் உள்ளமைப்பை நோக்குவோம். ஏனெனில் ‘பழையது நல்லது’ என்னும் பொதுவழக்கில் எவ்வளவு உண்மை உண்டென்பதை அதனாலேயே அளவிடலாம்.

ஷெபீல்ட் நகருக்கருகே றிவலின் பள்ளத்தாக்கில் இயங்கிய மவுஸ்ஹோல் உலைக்களமும், டட்லி நகரத்துப் பீற்றர் றைற் நிறுவனமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெயர்பெற்ற பட்டடைகளைச் செய்தன. அவற்றின் உடல் தேனிரும்பால் ஆனது. பெரும் இரும்புக் கட்டிகளை வெண்சூட்டுக்குக் காய்ச்சி, பலர் கூடிப் பெருஞ்சம்மட்டிகளால் அடித்து ஒன்றாக இணைத்து உடலை உருவாக்கினர். அதன் மேல்முகத்தில் உருக்குத் தகடொன்றை அதேபோல் காய்ச்சி அடித்துப் பற்றவைத்தனர். பின்னர் செஞ்சூட்டிலிருந்த முகத்தின்மீது தண்ணீரை வேகமாகப் பாயவிட்டு அதனை வைரமேற்றினர். தேனிரும்பு மென்மையானது, அதிர்ச்சியைத் தாங்கும், வெடிக்காது. உருக்கு கடினமானது, குழியாது, சம்மட்டியை மீட்டெறியும். இரண்டின் இணைப்பே அப்பட்டடையின் சிறப்பு.

அவற்றின் பக்கத்தில் மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. புள்ளியிட்டுப் பிரிக்கப்பட்ட அவ்வெண்களைப் பலர் ஆண்டென்றும் தொடரிலக்கமென்றும் கருதுவர். உண்மையில் அவை எடையைக் குறிப்பன. முதலெண் அந்தர், அதாவது 112 இறாத்தல். இரண்டாமெண் கால் அந்தர். அதாவது 28 இறாத்தல். மூன்றாமெண் எஞ்சிய இறாத்தல். எனவே 1, 2, 10 எனப் பொறிக்கப்பட்ட பட்டடை 112, 56, 10 ஆகியவற்றின் கூட்டாகிய 178 இறாத்தல், ஏறத்தாழ 81 கிலோகிராம் எடையுடையது. வாங்குவோன் அப்பட்டடையை இன்று நிறுத்துப் பார்த்து, பொறித்த எடையைவிடக் கணிசமாகக் குறைந்திருப்பதைக் கண்டால், முகம் தேய்ந்ததோ இழைக்கப்பட்டதோ கொம்பு உடைந்ததோ என்று ஐயுறவேண்டும்.

பழைய பட்டடையில் நேரக்கூடிய குறைகள் பல. நீண்டகால அடியினால் முகத்தின் நடுப்பகுதி தாழ்ந்திருக்கலாம். விளிம்புகள் சிதைந்திருக்கலாம். உருக்குத் தகடு உடலிலிருந்து ஓரிடத்தில் விலகியிருக்கலாம். அவ்விடத்தில் சுத்தியலால் தட்டினால் ஓசை மழுங்கிக் கேட்கும். தீப்பற்றிய கட்டடத்தில் கிடந்த பட்டடை தன் வைரத்தை இழந்திருக்கும். கண்ணுக்குக் குறையேதும் தெரியாது, அடியில்தான் தெரியும். எல்லாவற்றிலும் கேடானது, விற்பனைக்காக மேல்முகத்தைப் பளபளப்பாக இழைத்துவிடுவது. தகடு அரையங்குல அளவே கனமுடையது. அதனை இழைப்பது அழகுக்காக உயிரை அறுப்பதாகும். இழைத்த பளபளப்பைவிடத் தேய்ந்த கருமை நம்பத்தக்கது.

புதிய பட்டடைகளும் ஒரே தன்மையன அல்ல. இன்று சந்தையில் மலிவாகக் கிடைப்பனவற்றுட் பல வார்ப்பிரும்பால் ஆனவை. வார்ப்பிரும்பில் நூற்றுக்கு இரண்டுக்கு மேற்பட்ட கரியுண்டு; அது இறுகியதாயினும் நொறுங்கும் இயல்புடையது. அதன் முகம் அடியை உட்கொண்டு குழியும். விளிம்பு சில்லாக உடையும். வடிவில் பட்டடை, குணத்தில் வெறும் பாரம். ஆயின் வார்ப்புருக்கால் செய்து முறையாக வைரமேற்றப்பட்ட புதிய பட்டடை முற்றிலும் வேறானது. அதில் பற்றவைத்த தகடு இல்லை. விலகுவதற்கு இணைப்பும் இல்லை. சுவீடனிலும் ஜெர்மனியிலும் இருபதாம் நூற்றாண்டில் உருக்கால் செய்யப்பட்ட பட்டடைகள் பழைய ஆங்கிலப் பட்டடைகளுக்கு எவ்வகையிலும் தாழ்ந்தவை அல்ல. ஆதலின் பழமையே தரமென்பதும் புதுமையே தரமென்பதும் ஒருசேரத் தவறானவை.

தரத்தை அறியும் வழி எளிது. ஒரு சிறு உருக்குக் குண்டைப் பத்தங்குல உயரத்திலிருந்து முகத்தின்மீது விழவிடவேண்டும். நல்ல பட்டடை அதனை ஏழு, எட்டு அங்குலத்துக்கு மேல் மீண்டெழச் செய்யும். வார்ப்பிரும்பு இரண்டு, மூன்று அங்குலத்தோடு நின்றுவிடும். முகத்தின் பல இடங்களிலும் இவ்வாறு சோதித்தல் வேண்டும். ஓசையை மட்டும் நம்புதல் கூடாது. வார்ப்பிரும்பு உடலில் உருக்கு முகம் பதித்த சில அமெரிக்கப் பட்டடைகள் மணிபோல் ஒலிப்பதில்லையெனினும் தொழிலுக்கு நல்லவை.

பட்டடை வாங்க வழியற்றவர் புகையிரதத் தண்டவாளத் துண்டை நாட்டித் தொழில் செய்வது தெற்காசியா எங்கும் காணப்படும் வழக்கம். தண்டவாளம் நல்ல உருக்கே. ஆயின் கெசத்துக்கு 80 இறாத்தல் எடையுள்ள தண்டவாளமெனின், ஓரடித் துண்டின் எடை 27 இறாத்தலுக்கும் குறைவு. கிடையாக வைத்தால் அதன் மெல்லிய நடுப்பகுதி அதிர்ந்து அடியை விழுங்கும். செங்குத்தாக நாட்டினால் அடிக்குக் கீழே இரும்பு திரண்டு நிற்பதால் மீட்சி மிகும், ஆயின் அடிக்கும் முகம் சிறுத்துவிடும். வறுமையின் கண்டுபிடிப்பான இதனை இகழ்வதற்கில்லை. கத்திக்கும் அரிவாளுக்கும் அது போதும். அலவாங்கின் முனையை அடிப்பதற்குப் போதாது.

5

இப்பொழுது நமது மைய வினாவுக்கு வருவோம். பட்டடையின் மீட்சி குறைந்தால் நேர்வது யாது? அடித்த சம்மட்டியைப் பட்டடை திருப்பியெழுப்பாதபோது, அதனைத் தூக்கும் வேலை முழுவதும் தோளைச் சாரும். இரும்பு சூடாறுமுன் விழவேண்டிய அடிகள் குறையும். மீண்டும் உலையில் இடவேண்டும். கரி கூடுதலாகச் செலவாகும். நல்ல பட்டடையில் இரண்டு சூட்டில் முடியும் வேலை மோசமான பட்டடையில் மூன்று, நான்கு சூட்டை வேண்டி நிற்கும். ஆக, மலிவான பட்டடையில் மிச்சம்பிடித்த பணத்தைக் கொல்லன் நாள்தோறும் தன் உடலிலிருந்து செலுத்துகின்றான். விலைச்சீட்டில் எழுதப்படாத இவ்விலையே உண்மையான விலை. வாங்கும்போது பணமில்லாதவன் வாழ்நாள் முழுவதும் உழைப்பாகக் கட்டுகின்றான். வறியவனுக்கு மலிவு என்பது பெரும்பாலும் தவணைக்கடனின் மறுபெயர்.

கருவியின் தேய்வை மார்க்ஸ் இருவகையாகப் பிரித்தார். பயன்படுவதாலோ பயன்படாது கிடப்பதாலோ ஏற்படும் பௌதிகத் தேய்வு ஒன்று. அதனைவிட மலிவானதோ மேலானதோ ஆன இயந்திரம் தோன்றுவதால் ஏற்படும் பெறுமதித் தேய்வு மற்றொன்று. தேயிலை உருட்டும் இயந்திரம் இரண்டுக்கும் ஆட்படும். பட்டடையோ இரண்டாவது தேய்வுக்குப் பெரிதும் ஆட்படாத கருவி. கையால் அடிக்கும் கொல்லனுக்கு 1880இல் எது தேவைப்பட்டதோ அதுவே இன்றும் தேவைப்படுகின்றது. இயந்திரச் சம்மட்டி பட்டடையை மேம்படுத்தவில்லை. கொல்லனையே சந்தையிலிருந்து வெளியேற்றியது. தொழிற்சாலையில் அச்சடித்த கத்தியும் மண்வெட்டியும், 1977இன் திறந்த பொருளாதாரத்தின் பின் தடையின்றி வந்த இறக்குமதிகளும் கொல்லன் செய்த பொருளைத் தோற்கடித்தன. ஆனால் முனை மழுங்கிய அலவாங்கைத் திருத்துவதற்கும் வளைந்த முள்ளை நிமிர்த்துவதற்கும் இறக்குமதியால் வழி இல்லை. அவ்வேலை உள்ளவரை பட்டடைக்கு வேலை உண்டு.

தோட்டத்துப் பட்டடைகளின் உடைமை மாறிய வரலாற்றையும் இங்கு இணைத்து நோக்கவேண்டும். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தனியாரதும் கம்பனிகளதும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் பெரும்பாலான அரச தோட்டங்களின் முகாமை பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. கண்டி, மாத்தளை மாவட்டங்களின் சில தோட்டங்கள் அரச நிறுவனங்களிடமே எஞ்சின. மத்திய மலையகத் தோட்டங்கள் பலவற்றில் விளைச்சல் குன்றியது, தொழிற்சாலைகள் மூடப்பட்டன. மூடப்பட்ட தொழிற்சாலையின் இயந்திரம் பழைய இரும்பாக விலைபோவது மலையகத்தார் நன்கறிந்த காட்சி. உடைமை கம்பனியிடமிருந்து அரசுக்கும் அரசிடமிருந்து மீண்டும் கம்பனிக்கும் கைமாறியது. பட்டடையில் அடித்தவனிடம் ஒருமுறையேனும் வந்து சேரவில்லை.

வந்து சேராதது மட்டுமன்று. அவனே நீங்கவும் நேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் முடிவுசெய்யப்படுமென விடப்பட்டது. கண்டி மலைத்தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் தலைமன்னார் வழியே கப்பலேறினர். தோட்டத்துக் கொல்லன் தன்னோடு கொண்டுசெல்ல முடிந்தது கைத்திறன் ஒன்றே. தந்தையும் மகனும் அடித்து அடித்து முகம் தேய்ந்த பட்டடை தோட்டத்தின் இருப்புப் பதிவேட்டிலேயே நின்றது. மனிதர் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டனர். பட்டடை சொத்தாகப் பாதுகாக்கப்பட்டது. குடியுரிமைச் சட்டங்களைப் பற்றிய ஆய்வுகளில் இடம்பெறாத இழப்பு இது.

இவ்வாறு எஞ்சிய பழைய பட்டடைக்கு இன்று மூவகை வாங்குவோர் உளர். பழைய இரும்பு வியாபாரி அதனை எடைக்கு வாங்குகின்றான். அவனுக்கு 178 இறாத்தல் பட்டடையும் அதே எடையுள்ள உடைந்த குழாயும் ஒன்றே. பழம்பொருள் விரும்புவோன் அதன் பழமைக்கும் பொறித்த பெயருக்கும் விலை கொடுக்கின்றான். துரைமார் பங்களாக்கள் உல்லாச விடுதிகளாக மாறிய மலைநாட்டில் அத்தகைய பொருள்கள் முற்றத்து அலங்காரமாகின்றன. கொல்லனோ அதன் மீட்சியை வாங்க விரும்புகின்றான். எடை, பழமை, பயன் எனும் மூன்றில் முதலிரண்டுக்கே சந்தையில் பணமுண்டு. எடைக்கு விற்றால் பட்டடை உருக்குலைகின்றது. பழமைக்கு விற்றால் உருவம் எஞ்சி உழைப்பு நீங்குகின்றது. உயிருள்ள உழைப்பு தீண்டாத கருவி துருவுக்கே இரையாகும் என்பதை இவ்விரு முடிவுகளும் நினைவூட்டுகின்றன.

அருங்காட்சியகங்கள் வேண்டாமென்பது நமது கருத்தன்று. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 2001இல் அருங்காட்சியகமாக்கப்பட்டு, பழைய இயந்திரங்கள் அங்குப் பேணப்படுகின்றன. அது வரவேற்கத்தக்கதே. தேயிலை உருளையின் பயன் முடிந்தபின் அதனைப் பேணுவது வரலாற்றுக் கடமை. பட்டடையின் பயனோ முடியவில்லை. பயன் முடியாத கருவியைக் காட்சிப்பொருளாக்குவது பேணுதலாகாது.

6

மேற்கூறியவற்றிலிருந்து நாம் வந்தடையும் முடிபுகளைத் தொகுத்துரைக்கலாம். முதலாவது, பன்வில போன்ற பிரதேசத்தில் தோட்டத்தையும் கிராமத்தையும் நம்பித் தொழில் செய்யும் கொல்லனுக்கு, சோதித்துத் தெரிந்த பழைய தேனிரும்புப் பட்டடை மிக ஏற்றது. அலவாங்கு முதலிய பாரவேலைக்கு வேண்டிய எடையும் மீட்சியும் அதில் உண்டு. அது அயலிலேயே கிடக்கின்றது. எடைக்குரிய விலைக்கும் பயனுக்குரிய விலைக்கும் இடையே கிடைக்குமாயின் தயங்காது வாங்கலாம். பழமைக்குரிய விலை கேட்கப்படுமாயின் கைவிடுவதே முறை. இரண்டாவது, அத்தகையது கிட்டாவிடின் வார்ப்புருக்காலான புதியதை வாங்குதல் நன்று. மூன்றாவது, வார்ப்பிரும்புப் பட்டடையைப் புதியதென்பதற்காகவோ மலிவென்பதற்காகவோ வாங்குதல் ஆகாது. அதனினும் தண்டவாளத் துண்டு மேல்.

ஆயின் இம்முடிபுகள் தனியொரு கொல்லனின் அறிவுக்குரியவை மட்டுமே. நல்ல பட்டடை எதுவென அறிந்தும் அதனை வாங்க வழியில்லாதிருப்பதே அவன் நிலையெனின், அறிவு மட்டும் அவனைக் காப்பாற்றாது. வார்ப்புருக்கின் விலையைத் தனியொருவன் தாங்குவது அரிது. ஒரு கூட்டுறவுச் சங்கம் தாங்கும். குறுந்தொகைத் தலைவி கண்ட உலை ஏழூர்க்குப் பொதுவாயிருந்தது. நொக்ஸ் கண்ட கொல்லன் ஓர் ஊர்த்தொகுதிக்குப் பணிசெய்தான். அக்காலத்தின் சாதியையும் கட்டாயச் சேவையையும் நீக்கிவிட்டு, கருவியைப் பொதுவில் வைத்தல் என்னும் அதன் அறிவார்ந்த கூறை மட்டும் மீட்டெடுக்க இயலும். தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளியின் கவ்வாத்துக் கத்தியும் கிராமத்துச் சிங்கள விவசாயியின் மண்வெட்டியும் ஒரே பட்டடையில் திருத்தப்படும் பட்டறை அமையுமாயின், அது கருவிகளை மட்டும் திருத்தி அமையாது.

இதற்கு முதற்படியாகச் செய்யவேண்டியது ஒன்றுண்டு. மூடப்படும் தோட்டப் பட்டறைகளின் பட்டடைகளை எடைக்கு விற்பதற்குமுன் பதிவுசெய்து, அப்பிரதேசத்தில் தொழில் செய்யும் கொல்லருக்கோ அவர்களது சங்கத்துக்கோ இரும்பின் எடைவிலையிலேயே முதலில் வழங்கவேண்டும். விற்பவர்க்கு இதனால் நட்டமில்லை. பழைய இரும்பு வியாபாரியிடமிருந்து கிடைக்கும் அதே பணம் கிடைக்கும். வாங்குபவனுக்கோ ஒரு வாழ்நாளின் கருவி கிடைக்கும். நூறாண்டுக்கு மேலாக அவன் முன்னோர் அடித்த அடிகளால் தேய்ந்த முகம் அது. அதன் தேய்வில் யாருடைய உழைப்பு அடங்கியுள்ளதோ, அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கே அதில் முதலுரிமை உண்டென்பது நீதி.